ட்ரோலிங் மோட்டாருக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி போதுமா?

கொள்ளிடம் முகத்துவாரத்தில் கொடுவாத் தூண்டில் போடுவதற்காக ஃபைபர் படகில் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டார் (படகை மெதுவாக நகர்த்தும் சிறு மின்மோட்டார்) பொருத்தியிருப்பதாகவும், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 50 அல்லது 55 பவுண்டு உந்துவிசை கொண்ட மோட்டார் என்றும், இப்போது வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுதான் படகுக்குப் போகிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 100 பெரும்பாலும் போதும். ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விடும் இன்னொரு எண் இருக்கிறது. அதைக் கேட்காமல் வாங்கியதால் நான் பட்டதை எழுதுகிறேன்.

என் படகு 18 அடி. முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றின் வழியாக லகூனுக்குள், அதாவது கடலை ஒட்டிய காயலுக்குள், இறங்குவேன். அங்கே பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இராது. நீள்வால் எஞ்சினை ஓட்டினால் சேறு கலங்கும், அலையாத்தி வேர்களை ஒட்டி நிற்கும் கொடுவா அந்த ஓசையிலேயே விலகிவிடும். அதனால்தான் ஓசையில்லாத மின்மோட்டாருக்கு மாறினேன். முதல் ஓராண்டு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய பேட்டரியை வைத்து ஓட்டினேன். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் துறைக்குக் கொண்டுபோக என் மச்சான் ஒவ்வொரு முறையும் உடன் வர வேண்டியிருந்தது. அந்த 150 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு என்பதும், 40 அல்லது 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் அதில் கணிசமான பகுதி கிடைக்காமலே போகும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பாதிக்குமேல் காலியாக்கினால் ஈய பேட்டரியின் ஆயுளும் குறையும். லித்தியத்தில் இந்த இரண்டு இழப்பும் மிகக் குறைவு. 100 ஆம்பியர்-மணியில் 80 வரை அச்சமின்றி எடுக்கலாம், எடையும் 10 முதல் 13 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் கேட்டறிந்த பிறகு நகரத்துக் கடையொன்றில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வாங்கினேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. தை மாதம், ஒரு முற்பகல், லகூனிலிருந்து வடக்கே ஆற்றுக்குள் திரும்பிக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று நேர் எதிரே வீசியது; ஓதமும் இறங்கிக்கொண்டிருந்ததால் ஆற்றின் இழுப்பும் எதிராகவே இருந்தது. மோட்டாரை முழு வேகத்தில் வைத்தேன். சில நிமிடங்களில் எந்த அறிகுறியும் இல்லாமல் மோட்டார் நின்றது. ஒயரைக் கழற்றி மாட்டினால் ஓடியது, மீண்டும் முழு வேகம் வைத்ததும் நின்றது. இப்படி நான்கு முறை. பேட்டரி செத்துவிட்டது என்றே முடிவுகட்டி, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டு கரை சேர்ந்தேன். படகில் என் அண்ணன் மகன் இருந்தான். அவன் வயது பன்னிரண்டு. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

கரையில் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தபோது, விசிறித் தண்டில் கிழிந்த நைலான் வலையின் துண்டொன்று இறுகச் சுற்றியிருந்தது. சுற்றிய வலையோடு சுழல மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்திருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் சுற்று, தன் எல்லை மீறப்பட்டதால் இணைப்பைத் துண்டித்திருக்கிறது. எல்லை எவ்வளவு என்று அட்டையைப் புரட்டிப் பார்த்தேன்: தொடர்ந்து 50 ஆம்பியர். என் 55 பவுண்டு மோட்டார், வலை எதுவும் சுற்றாமலே, முழு வேகத்தில் ஏறத்தாழ 50 இழுக்கும். அதாவது முதல் நாளிலிருந்தே இடைவெளி என்பதே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய எண் இதுதான்: பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்? சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவைச் சொல்லி விற்பார்கள், அதை ஏற்காதீர்கள். 55 பவுண்டு மோட்டாருக்கு 100 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தரும் பி.எம்.எஸ். உள்ளதையே வாங்குங்கள்.

மோட்டாரில் குப்பை சுற்றியதற்குப் பேட்டரியைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் பேட்டரியைக் குறை சொல்லவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் நம் ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் அறுந்த வலை மிதப்பது அன்றாடம் நடப்பது. அதைக் கணக்கில் சேர்க்காமல் தேர்ந்தெடுத்தது என் தவறு, சொல்லாமல் விற்றது அவர்கள் தவறு. பேட்டரியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனபோது, முனைகளில் உப்புப் பூத்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். படகுக்கென்று சொல்லித்தான் வாங்கினேன். உத்தரவாதச் சீட்டு முழுவதும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது; கடலோரத்தில் விற்கும் பொருளுக்கு உப்பு பட்டால் பொறுப்பில்லை என்ற நிபந்தனையைத் தமிழில் ஒரு வரி எழுதித் தருவதற்கு என்ன தடை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீங்கள் வாங்கும்போது, படகில் பயன்படுத்தலாம் என்பதைக் கடைக்காரரிடம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அளவைக் கணக்கிடும்போது, போகும் வழியை அல்ல, திரும்பும் வழியைப் பாருங்கள். நான் தூண்டில் போடும்போது பாதி வேகத்தில் மணிக்குச் சுமார் 15 ஆம்பியர்-மணி செலவாகிறது. மூன்று மணி நேரத்துக்கு 45. எதிர்க்காற்றில் திரும்ப 40 ஆம்பியர் வீதம் முக்கால் மணி நேரம் என்றால் இன்னொரு 30. ஆக 75, கையிருப்பு 25. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் இழுப்பு இதைவிட அதிகம் என்பதால், அந்த நாட்களிலும் போவதானால் 120 அல்லது 150 வாங்குவதே நல்லது. முழு வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே மின்செலவு வெகுவாகக் குறைந்துவிடும். வேகம் அந்த அளவுக்குக் குறையாது. அன்று இது தெரிந்திருந்தால், வலையை அறுத்தெறிந்துவிட்டு மோட்டாரை மூன்றாம் நிலை வேகத்தில் வைத்து ஊர் சேர்ந்திருப்பேன்.

லித்தியம் தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துபவர்களுக்கு: எல்லா லித்தியமும் ஒன்றல்ல. நான் சொல்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை; செல்லுக்கு 3.2 வோல்ட், நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட். கைபேசியிலும் பல மின்ஸ்கூட்டர்களிலும் உள்ள வகையைவிட இது வெப்பத்தை நன்றாகத் தாங்கும். பழைய ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்துக் கட்டிய மலிவான பெட்டிகளை எவர் சொன்னாலும் படகில் ஏற்றாதீர்கள்.

வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் சார்ஜரால் இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஈய பேட்டரிக்கான சில சார்ஜர்கள் இடையிடையே 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜர் தனியாக வேண்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதத்தை அறியவும் முடியாது, ஏனெனில் கடைசிவரை வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நின்று திடீரென விழும். உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் படகைக் கரையேற்றும்போது ஈய பேட்டரியை முழுதாக நிரப்பி வைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதியளவில் வைத்து, ஒயரைக் கழற்றி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

ஒயர் 16 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு. பேட்டரிக்கு அருகிலேயே 60 ஆம்பியர் பிரேக்கர். உங்கள் மோட்டாரின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். 55 ஆம்பியருக்கு மேல் இருந்தால் பிரேக்கரையும் ஒயரையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.