ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நாவிக்: இவற்றில் எது துல்லியமானது?

இவை செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் அமைப்புகள்; வரிசையாக அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா நடத்துபவை. நான் நில அளவை வேலை செய்கிறேன். திறந்தவெளியில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. மரத்தடியில் நின்று பாருங்கள், அப்போது தெரியும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எல்லைக்கல் அளந்துகொண்டிருந்தோம். ரோவரை, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தை அளக்கும் கருவியை, கல் மேல் நிறுத்தி இருபது நிமிடம் ஆகியும் திரையில் 'ஃப்ளோட்' (தோராயமான இடம்) என்றே நின்றது, 'ஃபிக்ஸ்' (துல்லியமாக உறுதியான இடம்) வரவில்லை. பார்த்தால், ஜிபிஎஸ் தவிர மற்ற எல்லாம் அணைந்திருந்தன. மட்டைகளின் இடுக்கில் ஐந்தே செயற்கைக்கோள்கள். குளோனாஸ், கலிலியோ, பெய்டோ மூன்றையும் போட்டதும் பதினாறு ஆனது. ஒரு நிமிடத்துக்குள் ஃபிக்ஸ். ஆகவே என் பதில்: எது சிறந்தது என்று ஒன்றைப் பிடிக்காதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடியுங்கள்.

நம் ஊர் வானத்தில் பெய்டோவுக்குக் கூடுதல் பலம் உண்டு. உலகைச் சுற்றும் 24 போக, ஆசியப் பக்கமே இருக்கும்படி ஆறு செயற்கைக்கோள்களை வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 80 டிகிரி கிழக்கில் நிற்கிறது, ஏறக்குறைய சென்னையின் தீர்க்கரேகை. குளோனாஸின் பாதை பூமத்திய ரேகைக்கு 64.8 டிகிரி சாய்வு, ரஷ்யாவின் வடகோடிக்கு ஏற்றது. கலிலியோ ராணுவத்தின் கையில் இல்லை; 2023 முதல் சுமார் 20 செ.மீ. துல்லியம் தரும் திருத்தத் தகவலை இலவசமாகவே தருகிறது. ஜிபிஎஸ்ஸிலோ 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து, 100 மீட்டர் வரை பிழை வர வைத்திருந்தார்கள்.

என் மனம் கிடப்பது நாவிக்கில்தான். இந்தியாவையும் சுற்றி 1,500 கி.மீ. பரப்பையும் பார்க்கும் அமைப்பு அது. அதைப் படுத்தியது கடிகாரம். சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறோம்; ஒரு நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகினால் தூரத்தில் 30 செ.மீ. போய்விடும். முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களுமே பழுதாயின. மூன்றும் வெளிநாட்டில் வாங்கியவை. 2023 மே 29 அன்று ஏவிய, நாவிக்கின் புதிய வரிசைச் செயற்கைக்கோளான என்விஎஸ்-01இல் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் போனது. அன்று எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டாதது பெரிய வருத்தம்.

என்விஎஸ் வரிசையில், ஜிபிஎஸ்ஸும் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையும் இருப்பதால் சாதாரண போன்களுக்கும் நாவிக் எட்டும். செயற்கைக்கோள்களைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பட்டியலில் நம் கொடி வருகிறதா பாருங்கள்.