கொதிக்கவைத்த கொறடு போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் இருக்கு. பத்து நாளைக்கு முன்னால் டவுனில் ஒரு சின்னக் கிளினிக்கில் கடைவாய்ப் பல் கழட்டினோம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியிலிருந்து கொறட்டை எடுத்துப் பாவித்தார்கள். கொதித்தால் கிருமி செத்துவிடும்தானே? இன்னொரு பல்லும் கழட்ட வேண்டியிருக்கு, டொக்டர்.
- வாசகி, நுவரெலியா

பதில்: பெரும்பாலானவை செத்துவிடும். 20 நிமிடம் விடாமல் கொதித்தால் சீழ் பிடிக்கவைக்கும் சாதாரணக் கிருமிகளும் வைரசுகளும் அழியும். ஆனால் ஏற்புவலிக் கிருமி மாதிரிச் சில, தடித்த ஓடு போட்டுக்கொண்டு வித்தாக உறங்கும். கொதிநீரை நம்பி அந்த வித்தை விட்டுவிட முடியாது.

அதிலும் உங்கள் ஊர்த் தண்ணீர் 100 பாகைக்குப் போவதே இல்லை. கொழும்பிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள், "இங்க பருப்பு வேகவே மாட்டேங்குது" என்பார்களே, அதே கதைதான். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1,868 மீற்றர். காற்றின் அமுக்கம் குறைவு என்பதால் 94 பாகை வாக்கிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது.

அதனால்தான் ஓட்டோகிளேவ். நம் பிரஷர் குக்கருக்கு அண்ணன் முறை. 121 பாகை நீராவியில் 15 நிமிடம், 134 பாகை என்றால் 3 நிமிடம். உள்ளே அந்தச் சூடு வந்த பிறகுதான் நிமிடக் கணக்கு. மலையில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. கடலோரத்தில் முள் 15 இறாத்தல் அமுக்கம் காட்டினால் 121 பாகை வந்துவிடும், உங்கள் ஊரில் 18 இறாத்தல் அளவுக்குப் போக வேண்டும். அமுக்கத்தை மட்டும் பார்த்து அணைப்பவர் ஏமாந்துபோவார், வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கழுவ வேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு மூத்த மிஸி, கழுவி வைத்த கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு நாள் ஒன்றின் ஆணிக்கடியில் கடுகில் பாதி அளவுக்குக் காய்ந்த இரத்தம். "இத அப்படியே வச்சா இரத்தந்தான் வேகும், கிருமி உள்ளுக்குள்ள சொகமா இருக்கும்" என்று மொத்தத் தட்டையும் திரும்பக் கழுவவைத்தார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு போனது. டெட்டோலில் முக்குவது, ஸ்பிரிட்டால் துடைப்பது இரண்டும் வித்தை அழிக்காது.

இனி அம்மா. பத்து நாளாக நன்றாக இருக்கிறார் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினாலோ, கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று பழைய கொப்பியில் தேடிப் பாருங்கள். சட்டி முழு நேரம் கொதித்ததா என்பது நமக்குத் தெரியாது; ஆகவே சீனிக் கிளினிக்குக்குப் போகும்போது விஷயத்தைச் சொல்லி, ஈரல் அழற்சி பி, சி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இப்போது எடுத்தால் பழைய நிலைதான் தெரியும், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டிவரும்.

அடுத்த பல்லுக்கு முன் சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கொறடு ஒட்டிய பொட்டலத்தில் இருந்து வர வேண்டும். பொட்டலத்தின் மேல் உள்ள அடையாளம் நிறம் மாறியிருக்க வேண்டும், அது சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும் என்றாலும். ஈரமாகவோ கிழிந்தோ இருந்தால் வேறு கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்கினால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மாவுக்கு சீனி இருக்கு டொக்டர், பொட்டலத்த அவங்க கண் முன்னால பிரிச்சா பயப்படாம வாய் திறப்பாங்க."