கோட்டையும் கிராம சபையும்: மாணவர் களப்பயணம் குறித்த கேள்வி பதில்

வேலூர், ஆற்காடு வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஆசிரியை, காட்பாடி): வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று வந்து கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, அகழி, அருங்காட்சியகம், கோயில் என எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினால், பிள்ளைகள் அறிவிப்புப் பலகையைத்தான் எழுதி வருவார்கள். ஆளுக்கு ஓர் இடத்தைப் பகிர்ந்து கொடுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண் ஒன்றின் முன் ஒரு மாணவியை அரை மணி நேரம் உட்கார வைத்தால், யாளியையும் அதன்மேல் அமர்ந்த வீரனையும் கடிவாளத்தையும் அவளே கண்டு எழுதுவாள். கண்டதை எழுதி முடித்தபின், தனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். விஜயநகரக் காலத்துக் கோயிலில் நெடுங்காலம் வழிபாடு நின்றுபோய் 1981-இல்தான் மீண்டும் தொடங்கியது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அடுத்த வாரப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி (ஆசிரியர், இராணிப்பேட்டை): ஆங்கிலேயருக்கு எதிராக வேலூர்க் கோட்டையில் நடந்த 1806 புரட்சியை ஒரு சிப்பாயின் நாட்குறிப்பாக எழுதச் சொல்லலாமா? கற்பனை வரலாற்றைக் கெடுத்துவிடாதா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம்; ஆனால் நோட்டின் இடப்பக்கத்தில் கற்பனையும், வலப்பக்கத்தில் அதற்கான ஆதாரமும் இருக்க வேண்டும். புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த கட்டுப்பாடு ஆகியவை சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்பதும், ஜூலை 10 விடியுமுன் அவர்கள் எழுந்தார்கள் என்பதும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து அன்றே அடக்கினார் என்பதும் வலப்பக்கத்துக்கு உரியவை. சிப்பாய் அன்றிரவு என்ன நினைத்தான் என்பது இடப்பக்கத்துக்கு உரியது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டின் மனைவி, பிள்ளைகளுடன் ஒளிந்து உயிர் தப்பியதைத் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். சிப்பாய்களின் சொற்களோ பெரும்பாலும் விசாரணையில் அவர்களிடம் கேட்டுப் பதிந்தவையாகவே நமக்குக் கிடைக்கின்றன. யார் தாமே எழுதினார், யாருக்காகப் பிறர் எழுதினார் என்ற வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும். அது புரிந்தால் பாடப்புத்தகத்தையும் அவர்கள் வேறு கண்ணோடு படிப்பார்கள்.

கேள்வி (பெற்றோர், குடியாத்தம்): இதனால் தேர்வில் மதிப்பெண் கூடுமா?

பதில்: கூடும் என்று நான் உறுதி தரமாட்டேன். காரணத்தையும் விளைவையும் சொந்த நடையில் எழுதப் பழகிய பிள்ளை நெடுவினாவுக்கு அஞ்சாது.

கேள்வி (ஆசிரியர், அணைக்கட்டு): குடிமையியலுக்கு எங்கே அழைத்துச் செல்வது?

பதில்: உங்கள் ஊர்க் கிராம சபைக்கே அழைத்துச் செல்லுங்கள் ஐயா. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் அது கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். பிள்ளைகளுக்கு வாக்கில்லை என்றாலும், தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி ஓரமாக அமர்ந்து கவனிக்கலாம். யார் பேசினார், எத்தனை பெண்கள் எழுந்து கேட்டனர், தெருவிளக்கோ குடிநீரோ எதைப்பற்றி என்ன தீர்மானம் ஆயிற்று என்று குறிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்து இரண்டாம் அறிக்கை எழுதினால்தான் பயணம் முழுமை பெறும். இந்தப் பகுதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

கேள்வி (ஆசிரியை, ஆற்காடு): பேருந்துக்குப் பணமில்லையே?

பதில்: ஆற்காட்டிலேயே டெல்லி கேட் நிற்கிறது. 1751-இல் ஆங்கிலேயரான ராபர்ட் கிளைவ் பிடித்து முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் எஞ்சியிருப்பது அந்த வாயில். நடந்தே சென்று, அருகில் குடியிருக்கும் மூத்தவர்களிடம் அந்த இடம் தங்கள் சிறுவயதில் எப்படி இருந்தது என்று கேட்டு, சொன்னவரின் வயதையும் குறித்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.