வாசகர் கேள்வி – பதில்: ஜிரோவும் அண்டை மலைகளும்

கேள்வி: அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானி மக்கள், சுற்றியுள்ள பழங்குடியினரோடு எவ்வகை உறவு கொண்டிருந்தனர்?

பதில்: அந்த உறவுக்கு அடிப்படை நெல்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த இந்தச் சிறு சமவெளியில், அபதானிகள் ஏரும் மாடும் இன்றி, மண்வெட்டி போன்ற கைக்கருவிகளால் நிலத்தைப் பண்படுத்தி நன்செய் வேளாண்மை செய்துவருகின்றனர். வயலில் தேங்கும் நீரிலேயே மீன் வளர்ப்பதும், வரப்பைக்கூட வீணாக்காமல் அதில் கேழ்வரகு நடுவதும் (இடத்தின் அருமையை இவர்களைப்போல் உணர்ந்தவர்கள் குறைவு) இவர்களுடைய தனித்திறன்.

சுற்றியுள்ள சரிவுகளில் காட்டெரிப்பு வேளாண்மை செய்த நிஷி மக்களிடம் மேய்ச்சலுக்குரிய விரிந்த காடு இருந்தது. ஆகவே, பள்ளத்தாக்கின் உபரி அரிசி மலையேறியது, சடங்குகளில் பலியிடுவதற்கு இன்றியமையாத மிதுன் என்னும் மாட்டினமும், நெசவுக்கான பருத்தியும் மலையிறங்கின. இதை வெறும் இனிய நட்பாகக் கருதிவிட வேண்டாம். கால்நடைத் திருட்டும், ஆட்களைச் சிறைப்பிடித்து மீட்புப்பொருள் கேட்பதும் முற்காலத்தில் இருந்தன; ஆயினும் ஒருவரின்றி மற்றவருக்கு வாழ்க்கை நடவாத நிலையில், சண்டைக்குப் பின் சமரசம் பேசுவதைத் தவிர இரு தரப்புக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அபதானிகளின் இந்த நிலவமைப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.