பேரன் தலையில் இருக்கும் குல்லா

கேள்வி: மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மாப்பிள்ளை யூதர், மகளும் அந்த மார்க்கத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டாள். நகரசபைத் தேர்தலில் நிற்கும் மாப்பிள்ளை, வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் கைபேசியை அணைத்துவிடுகிறார். சனி இரவு வரை பிரசாரமே இல்லை. துண்டறிக்கைப் படத்துக்காக, அவர்கள் மத வழக்கப்படி பேரன் போட்டிருக்கும் குல்லாவை ஐந்து நிமிடம் கழற்றச் சொன்னதற்குக்கூட மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிழைக்கத் தெரியாத மாப்பிள்ளைக்கு எப்படிப் புத்தி சொல்வது?

பதில்: மாப்பிள்ளை இருக்கட்டும், அந்தக் குல்லாவுக்கு வாருங்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடிதத்தின் விஷயமே அதுதான். பாஸ்போர்ட் படத்துக்காகப் பொட்டை அழிக்கச் சொல்லியிருந்தால் ஸ்டூடியோக்காரரை என்ன பாடு படுத்தியிருப்பீர்கள்? பிள்ளைக்கு மட்டும், அப்பா தலையில் இருப்பது ஊர் பார்க்கக் கூடாத பொருள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். பாட்டி செய்கிற வேலையா இது?

லயனல் டி ராத்சைல்ட் என்ற யூதரை லண்டன் நகரத் தொகுதி 1847-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ‘ஒரு கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின்படி’ என்று உறுதிமொழி சொன்னால்தான் இருக்கை. அவர் சொல்லவில்லை. ஒரே வரி, உங்கள் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவையில் உட்காராமலே 11 ஆண்டுகள் ஓடின. தொகுதி மக்களும் விடாமல் அவரையே அனுப்பினார்கள். 1858-இல் விதி தளர்ந்தது. தலையை மூடியபடியே உறுதிமொழி எடுத்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை விஷயம். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள், வழக்கத்தை முழுதாகக் கடைப்பிடிப்பவர்கள் வேலை செய்ய மாட்டார்கள், கைபேசியைத் தொட மாட்டார்கள், காரில் ஏற மாட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 1988-இல் ஜோ லீபர்மன் என்ற யூதரை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த கட்சி மாநாடு சனிக்கிழமை நடந்தது. அவர் போகவில்லை, ஏற்புரையை முன்பே வீடியோவில் பதிவு செய்து அனுப்பினார். நவம்பரில் சுமார் 10,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே மனிதர், செனட்டில் முக்கியமான வாக்கெடுப்பு சனிக்கிழமை வந்தபோது, கார் ஏறாமல் சில மைல் நடந்தே போய் வாக்களித்தார். தனக்கு ஓட்டுக் கேட்க மீறாத ஓய்வுநாளில், ஊர்வேலைக்காக நடந்தார். கேட்டே ஆக வேண்டுமென்றால் மாப்பிள்ளையிடம் இதைக் கேளுங்கள்: வெள்ளி இரவு ஊருக்குள் வெள்ளம் புகுந்தால் என்ன செய்வீர்கள்? உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறியே தீர வேண்டும் என்பது அவர்கள் சட்டம், பதில் வைத்திருப்பார். எங்கள் கவுன்சிலரின் கைபேசி ஏழு நாளும் மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

படத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குல்லாவை நீங்களே பேரன் தலையில் வைத்து, நழுவாமல் கிளிப் மாட்டிவிடுங்கள். வியாழக்கிழமையே முடித்துவிடுங்கள், வெள்ளி மாலை சூரியன் மறைந்த பிறகு அந்த வீட்டில் யாரும் கேமராவைத் தொட மாட்டார்கள்.