பிறந்ததும் எடுக்கும் ஸ்கிரீனிங் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சந்தேகம் என்று வந்து பிறகு நார்மல் ஆன குழந்தைகளின் பெற்றோர், அந்த நாட்களை எப்படிக் கடந்தீர்கள்?

எங்கள் மகளுக்கு நடந்தது இது. பிறந்த மறுநாள் காலை குதிகாலில் குத்தி, அட்டையில் இருந்த வட்டங்களில் ரத்தச் சொட்டு வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு போன். "டிஎஸ்எச் கொஞ்சம் கூட இருக்கும்மா, ரிப்பீட் எடுக்கணும், குழந்தையைக் கூட்டிட்டு வாங்க." டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; அது கூடினால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதோ என்று சந்தேகம். எவ்வளவு கூட, இனி என்ன ஆகும் என்று எதுவும் சொல்லவில்லை.

அடுத்து கூகுள்தான். அதில் போட்டிருக்கும் அறிகுறிகள்: நிறையத் தூங்கும், பால் குடிக்கச் சோம்பல்படும், மலம் சரியாகப் போகாது, மஞ்சள் காமாலை சீக்கிரம் வடியாது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத எந்தக் குழந்தைதான் தூங்கி வழியாது? அவள் தூங்கினால் பயம், எழுந்து அழுதால் குரல் கரகரப்பாக இருக்கிறதோ என்று பயம். போதாக்குறைக்கு மாமியார், "எங்க வம்சத்துல யாருக்கும் தைராய்டு கிடையாதே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கர்ப்பம் முழுக்கத் தைராய்டு மாத்திரை சாப்பிட்ட எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

என்னைத் தேற்றியது டாக்டர் தந்த விளக்கம்தான். பிறந்த அரை மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்எச் சரசரவென்று ஏறி, இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கும். அதனால் 48 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதே நல்லது. சீக்கிரம் டிஸ்சார்ஜ் என்பதற்காக முன்னாலேயே எடுத்தால், ஒன்றும் இல்லாத குழந்தைக்கும் கூடுதலாகக் காட்டலாம். உண்மையான நோயைத் தவறவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதால், சந்தேகத்துக்கு இடமான எல்லாரையும் ஸ்கிரீனிங் திரும்பக் கூப்பிடுகிறது. நோய் இருப்பதே உறுதியானாலும், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். பெரும்பாலும் சுரப்பி சரியாக உருவாகாததாலோ ஹார்மோன் தயாரிப்பில் உள்ள கோளாறாலோ வருவது அது. நான் சாப்பிட்ட மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்த ரத்தம், அளவு எத்தனை, எதற்கு மேல் போனால் கூப்பிடுகிறார்கள்? "தீட்டு கழியட்டும், அப்புறம் வெளியே தூக்கிட்டுப் போகலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ரிப்பீட்டைச் சொன்ன நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு நார்மல் வந்தது. ஆனால் பயம் உடனே போகவில்லை. குப்புற விழ நாளானாலும் அதுவாக இருக்குமோ, பேச்சு தாமதித்தாலும் அதுவாக இருக்குமோ. நான்தான் இப்படியோ என்று நினைத்தேன். 2003இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பிறகு படித்தேன். தைராய்டு அல்ல, வேறு பிறவி வளர்சிதை மாற்ற நோய்களுக்கான ஸ்கிரீனிங் பற்றியது அது. அதில் நோய் இல்லாமலேயே தவறாகப் பாசிட்டிவ் வந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்களாம். பெற்றோருக்கும் மன அழுத்தம் கூடுதல். ஒரு பயம் உள்ளே புகுந்தால் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஓடத்தானே செய்வோம்.

எனக்கு உதவியது சின்ன விஷயம். தடுப்பூசி அட்டையிலேயே "தைராய்டு நார்மல், தொடர் பரிசோதனை தேவையில்லை" என்று டாக்டரை எழுதித் தரச் சொன்னேன். இரவில் மனம் அலைந்தால் அதை எடுத்துப் பார்ப்பேன். "அந்தத் தைராய்டு பிரச்சினை சரியாயிடுச்சா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "சரியாகவில்லை சித்தி, இருந்ததே இல்லை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ரிப்பீட்டுக்குப் போகும்போது குழந்தைக்கு வெறும் வயிறு தேவையில்லை, பால் கொடுத்துவிட்டே போகலாம். அந்தப் பொடிக் கையில் நரம்பு கிடைக்க நேரமாகும். இருவரில் திடமானவர் உள்ளே நிற்கட்டும். எங்கள் வீட்டில் அது என் கணவரும் இல்லை, நானும் இல்லை, மாமியார்தான்.