பெரியப்பாவைப் புயலுக்கு முன் எப்படிக் கிளப்புவது?

கேள்வி: பெரியப்பாவும் பெரியம்மாவும் புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறார்கள், வெளியேற்ற மண்டலம் ‘ஏ’. நான் அட்லாண்டாவில். “மில்டன் புயலையே பார்த்தாச்சு, கான்கிரீட் வீடு, ஒண்ணும் ஆகாது” என்கிறார் பெரியப்பா. பெரியம்மா இன்சுலின் போடுபவர். அடுத்த ஹரிகேன் வந்தால் என்ன செய்வது?

பதில்: பெரியப்பா சொல்வதில் பாதி சரி. கான்கிரீட் வீடு காற்றைத் தாங்கலாம். ஆனால் அந்த மண்டலங்களைப் பிரித்திருப்பது காற்றை வைத்து இல்லை, கடல் எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்பதை வைத்து. ‘ஏ’ என்றால் முதலில் தண்ணீர் வரும் இடம். 2024 அக்டோபர் 9ஆம் தேதி மில்டன் தெற்கே தள்ளி சியெஸ்டா கீ பக்கம் கரையேறியதால், அவர்கள் ஊர் இருக்கும் டாம்பா விரிகுடாவில் காற்று தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது, தப்பித்தது அதனால்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஹெலீன் புயல் வெகுதூரம் தள்ளிக் கடலிலேயே கடந்து போனபோதும் அதே விரிகுடாவில் ஆறடி அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அதனால் கேட்டகரி 3ஆ 4ஆ என்று அவரோடு வாதாட வேண்டாம், அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். ஹெலீன் சமயத்தில் அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள், அவரே சொல்லுவார்.

அப்புறம், அட்லாண்டாவுக்குக் காரோட்டி வரச் சொல்லாதீர்கள். 2005ல் ரீட்டா புயல் வருகிறது என்று ஹூஸ்டன் பக்கமிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, வெயிலில் மணிக்கணக்காக நெடுஞ்சாலையில் நின்றார்கள்; டெக்சாஸில் புயலால் இறந்தவர்களைவிட வெளியேறும் வழியில் இறந்தவர்கள்தான் அதிகம். தண்ணீரிலிருந்து தப்பிக்க நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டியதில்லை. எந்த மண்டலத்திலும் சேராத மேட்டுப் பகுதியில், பத்து இருபது மைலுக்குள் ஒரு நல்ல உறுதியான வீடு போதும். அந்த வீட்டை இப்போதே பேசி வையுங்கள். “கிளம்புங்க பெரியப்பா” என்று பொதுவாகச் சொன்னால் அவர் அசையமாட்டார், “புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உங்க நண்பர் வீட்டில் டிபன், பெரியம்மாவுக்குக் கீழ் அறை சொல்லியாச்சு” என்று சொல்லிப் பாருங்கள். மாவட்ட நிர்வாகம் ‘ஏ’ மண்டலம் கிளம்பலாம் என்று சொன்ன அன்றே கிளம்ப வேண்டும், காற்று பலத்ததும் பாலங்களை மூடிவிடுவார்கள்.

இன்சுலின்தான் எனக்குக் கவலை. புளோரிடாவில் அவசரநிலை அறிவித்தால், அடுத்த மருந்து வாங்கும் தேதி வரவில்லை என்றாலும் 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. மருந்துக்கடையில் கூட்டம் சேருவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். சின்னக் குளிர்பையில் ஐஸ் பேக் வைத்து, நடுவில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் இன்சுலினை வைக்க வேண்டும். ஐஸைத் தொட்டு உறைந்துபோனால் அந்த மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். சர்க்கரை பார்க்கும் மெஷின், ஸ்ட்ரிப், மாற்றுக் கண்ணாடி, பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த வாரம் பெரியம்மாவோடு பேசும்போது மருந்துச் சீட்டைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.